முதலில் எழுந்தவர் தட்டுக் கழுவ வேண்டும்

எவரிஸ்தோ மாமாவின் மீசைமேல் சத்தியமாகச் சொல்கிறேன்: இந்தக் கதையில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்த மீசைமேல் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்ன யாருக்கும் எங்கள் ஊரில் பல் தங்கியதில்லை. எனக்கு இன்னும் நான்கு பல் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் எண்ணிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் கவியோத்தா. சிலி நாட்டுக் கடற்கரையில், முன்னால் கடலும் பின்னால் கழுதைக் குன்றும் நெருக்க, நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சின்ன ஊர். மற்ற ஊர்களில் தும்மல் வருகிற மாதிரி எங்கள் ஊரில் பூமி ஆடும். தேநீர்க் கோப்பை தானே சர்க்கரையைக் கலக்கிக்கொள்ளும். அதனால் எங்கள் ஊரில் கரண்டி விற்பவர் கடையை மூடிவிட்டுப் போனார்.

இப்படி ஆடி ஆடியே எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு திமிர் வந்துவிட்டது. சின்னதாக ஆடினால் அதற்குப் பெயர் ‘ஆட்டம்’. பெரிதாக ஆடினால்தான் ‘பூகம்பம்’. வெறும் ஆட்டத்துக்கு எழுந்திருப்பது வெட்கக்கேடு. ஆட்டம் வந்தால் எல்லாரும் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்து, அது ரிக்டர் அளவில் எத்தனை புள்ளி என்று பந்தயம் கட்டுவார்கள். அப்புறம் ரேடியோவில் சரியான எண்ணைச் சொல்வார்கள். அதற்கு முன்னால் நாற்காலியை விட்டு முதலில் எழுந்தவர், வீட்டில் உள்ள அத்தனை தட்டுகளையும் கழுவ வேண்டும்.

இந்த விதியைக் கண்டுபிடித்தவர் எவரிஸ்தோ மாமா. அவர் ஒருநாளும் எழுந்ததில்லை. பூமி ஆடும்போது அவருடைய மீசையின் வலது முனை துடித்தால் கடல் பக்கம் ஆடுகிறது என்று பொருள். இடது முனை துடித்தால் மலைப் பக்கம். துடிப்பை விரலால் பிடித்துப் பார்த்து, புள்ளிக்குப் பின்னால் வரும் எண்வரை சொல்லிவிடுவார். ஒருமுறை மீசை ஒன்று சொல்ல, ரேடியோ வேறொன்று சொல்லிவிட்டது. மறுநாள் ரேடியோ மன்னிப்புக் கேட்டது.

மாமாவின் தங்கை நெல்தா; எல்லாரும் ஒரே வீட்டில்தான். நெல்தாவின் மகள் ரயேன். ரயேனுக்குப் பத்து வயது. அவளுடைய கோபத்துக்கு அதைவிட அதிகம் இருக்கும்.

ஏன் கோபம்? கேளுங்கள். பூமி ஆடினால் என்ன செய்ய வேண்டும் என்று பள்ளியில் ரயேனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். குனி. மேசைக்கு அடியில் போ. தலையை மூடிக்கொண்டு மேசைக் காலை இறுக்கிப் பிடி. அவளும் அப்படியே செய்வாள். வீட்டில் என்ன நடக்கும்?

"அதோ, நண்டு பொந்துக்குள்ள போயிடுச்சு!" என்று மாமா தொடையைத் தட்டிக்கொண்டு சிரிப்பார். "எழுந்தவ யாரு? தட்டு யாருக்கு?"

"நண்டுக்கு!" என்று தம்பி லாலோ கத்துவான். அவனுக்கு நான்கு வயது.

அம்மாவும் சிரிப்பாள். அதுதான் ரயேனால் தாங்க முடியாதது.

இப்படியே அந்த வீட்டுத் தட்டுகளையெல்லாம் ரயேன்தான் கழுவிக்கொண்டிருந்தாள். கோபத்தோடு தேய்த்துத் தேய்த்துத் தட்டில் இருந்த பூவெல்லாம் அழிந்துபோயிற்று. அவள் கோபத்தோடு முற்றத்தில் நடந்தால் கோழி அவித்த முட்டையாகவே போடும். அம்மாவுக்கு விறகு மிச்சம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய்ப்பழத்தைப் பூசிக்கொண்டிருந்தார்கள். அப்பா வீட்டில் இல்லை. ‘பிடிவாதக்காரி’ என்ற தன் படகில் ஆழ்கடலுக்கு மீன் பிடிக்கப் போயிருந்தார்.

தரை லேசாகக் குலுங்கியது.

ரயேன் சட்டென்று மேசைக்கு அடியில் புகுந்தாள். "லாலோ! வாடா!" என்று அவன் காலைப் பிடித்து இழுத்தாள்.

"வர மாட்டேன்! நான் மாமா மாதிரி!" என்று லாலோ காலை உதறினான். கையைக் கட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தான். மூக்குக்குக் கீழே விரலை வைத்து, இல்லாத மீசையை முறுக்கினான்.

"சபாஷ்டா சிங்கக்குட்டி!" என்றார் மாமா. "அஞ்சு புள்ளி ஒண்ணு."

அப்போது மேல் அலமாரியில் இருந்த கண்ணாடி ஊறுகாய்ச் சாடி நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்தது. விழுந்தது. லாலோவின் நாற்காலிக்குப் பக்கத்தில், அவன் காதை உரசுகிற மாதிரி விழுந்து சுக்குநூறாக உடைந்தது.

லாலோவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அவன் எழவில்லை. மாமா பார்க்கிறாரே!

ஆட்டம் நின்றது. ரேடியோ கரகரத்தது. "ஐந்து புள்ளி ஒன்று" என்றது.

"சொன்னேன்ல?" என்று மாமா மீசையைத் தடவினார்.

ரயேன் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். அவள் காது சிவந்திருந்தது. மேசைமேல் இருந்த வெண்ணெய் உருகத் தொடங்கியது.

"மாமா, கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தா அவன் தலை என்ன ஆகியிருக்கும்?"

"விழலையே!"

"விழலைங்கிறது ஒரு பதிலா? நீங்க உட்காருங்க, யாரு வேணாங்கிறா? உங்க மண்டை பாறாங்கல்லு. அவன் மண்டை சின்ன மண்டை! உங்களைப் பாத்துத்தானே அவன் உட்கார்ந்திருக்கான்?"

"ஏய், மாமாகிட்ட இப்படியா பேசறது?" என்றாள் அம்மா.

"வேற எப்படிப் பேசறது? நீயும்தானே சிரிச்சே!"

அம்மா கீழே கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தாள்.

"சரி நண்டு, இப்ப உனக்கு என்ன வேணும்?" என்றார் மாமா, குழந்தைக்கு மிட்டாய் கொடுக்கிற குரலில்.

"பந்தயம் வேணும். உங்க மீசை தப்பாச் சொல்லிச்சுன்னா, அதை ஊர் நடுவுல வச்சு வழிச்சுடணும். அப்புறம் தட்டெல்லாம் நீங்கதான் கழுவணும். ஆயுசு முழுக்க."

மாமா சிரித்த சிரிப்பில் கூரையில் உட்கார்ந்திருந்த கடற்காகங்கள் பறந்து பக்கத்து ஊருக்குப் போய்விட்டன. "ஒத்துக்கிட்டேன்! என் மீசை தப்பாச் சொன்னா நான் மனுஷனே இல்லை!"

அன்றைக்கும் தட்டுகளை ரயேன்தான் கழுவினாள். கழுவிக்கொண்டே யோசித்தாள். மாமாவை மாற்றுவது குன்றை நகர்த்துகிற மாதிரி. ஆனால் லாலோ?

மத்தியானம் அவனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். பாறைக்குப் பக்கத்தில் ஒரு நண்டைக் காட்டினாள்.

"இதைப் பிடிடா, பாப்போம்."

லாலோ கையை நீட்டினான். நண்டு சடாரென்று பாறைக்கு அடியில் போய்விட்டது. மறுபடி முயன்றான். மறுபடியும் போய்விட்டது. கடைசியில் அவன் விரலில் ஒரு கடி மட்டும் மிச்சம்.

"பயந்தாங்கொள்ளி நண்டு!" என்றான் அழுகையோடு.

"பயந்துச்சா? உன்னைக் கடிச்சது யாரு, அதுவா நீயா?"

லாலோ விரலைப் பார்த்தான். "அதுதான்."

"அப்ப யாரு கெட்டிக்காரன்?"

லாலோ இரண்டு விரலைக் கொடுக்கு மாதிரி விரித்தான். பிறகு, "நானும் நண்டு," என்றான்.

அன்று மாலைவரை அவர்கள் நண்டு விளையாட்டு விளையாடினார்கள். ரயேன் "நண்டு!" என்று கத்தினால் லாலோ எங்கே இருந்தாலும் ஓடிவந்து மேசைக்கு அடியில் புகுந்து, ஒரு கையால் தலையை மூடி, மறு கையால் மேசைக் காலைக் கொடுக்கு மாதிரி பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை குளித்துக்கொண்டிருந்தவன் அப்படியே சோப்பு நுரையோடு வந்து புகுந்தான்.

ரயேன் வீட்டில் எல்லாருடைய காலணிகளையும் ஒரு பையில் போட்டு மேசைக்கு அடியில் கட்டித் தொங்கவிட்டாள். பையில் ஒரு டார்ச், தண்ணீர்ப் புட்டி, கம்பளி. கடைசியாக மாமாவின் பேட்டரி ரேடியோவையும் எடுத்து உள்ளே வைத்தாள்.

"என் ரேடியோ எங்கே?" என்று மாமா உறுமினார்.

"மேசைக்கு அடியில இருக்கு. அங்கிருந்தே பாடும், கேட்டுக்குங்க."

மாமா முணுமுணுத்தார். மாமாவுக்கு அந்த ரேடியோ என்றால் உயிர். மீசைக்கு அடுத்தபடி அதுதான்.

சில வாரங்கள் போயின. ஒரு சாயங்காலம் எல்லாரும் தேநீருக்கு உட்கார்ந்திருந்தார்கள். அப்பா அன்றைக்கும் கடலில். முற்றத்தில் படுத்திருந்த நாய் திடீரென்று எழுந்து நின்றது. அந்த நாய் எழுந்து நின்று யாரும் பார்த்ததே இல்லை. அதற்கு நான்கு கால் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

பூமி உறுமியது. முதலில் கோப்பை ஆடியது. பிறகு மேசை. பிறகு சுவர்.

"நண்டு!" என்று ரயேன் கத்தினாள்.

லாலோ கடித்த ரொட்டியோடு மேசைக்கு அடியில் போய்விட்டான். ரயேனும் போனாள்.

"ஆறு புள்ளி எட்டு!" என்று மேலேயிருந்து மாமாவின் குரல் கேட்டது. "யாரும் எழாதீங்க!"

ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. கூடியது. அலமாரி கதவுகள் தாமே திறந்து தட்டுகளைத் துப்பின. ஜன்னல் கண்ணாடி வெடித்துச் சிதறியது. அம்மா எழுந்து வாசலைப் பார்த்து ஓடப் போனாள்.

"அம்மா! வெளியே ஓடாதே! கூரை ஓடு தலையில விழும்! உள்ளே வா!"

அம்மா திரும்பினாள். விழுந்தாள். ரயேன் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

மாமா மட்டும் நாற்காலியில் இருந்தார். நாற்காலி குதிரை மாதிரி குதித்தது. அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு குதிரைமேல் போகிறவர் மாதிரி அறை முழுக்கச் சுற்றினார். மீசையின் இரண்டு முனையும் காற்றாடி மாதிரி சுழன்றன. மேசையை நாற்காலி கடக்கும் நேரம் பார்த்து ரயேன் கையை நீட்டி, மாமாவின் கால்சட்டையைப் பற்றி, தன் கோபம் எல்லாவற்றையும் சேர்த்து ஓர் இழுப்பு இழுத்தாள். மாமா தொப்பென்று உள்ளே வந்து விழுந்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் அலமாரி சாய்ந்தது.

"நான் எழலை! விழுந்தேன்!" என்றார் மாமா.

"வாயை மூடிக்கிட்டு மேசைக் காலைப் பிடிங்க!" என்றாள் ரயேன்.

அப்போது மேசை நடக்கத் தொடங்கியது. பழைய கப்பலின் கதவில் செய்த மேசை அது. பயணம் அதன் ரத்தத்தில் இருந்தது. நான்கு காலாலும் அடி வைத்து அடுப்படிக்குப் போயிற்று. காலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததால் நான்கு பேரும் தவழ்ந்துகொண்டே அதன்கூடப் போனார்கள். மேலே இருந்து விழுந்ததெல்லாம் மேசைமேல் விழுந்தது. அடுப்படியைச் சுற்றிப் பார்த்துவிட்டு மேசை திரும்பிவந்து பழைய இடத்தில் நின்றது.

பிறகு எல்லாம் அமைதியாயிற்று. தூசி மட்டும் மெல்ல இறங்கியது.

லாலோ ரொட்டியைக் கடித்தான். "முடிஞ்சுடுச்சா?"

"இப்போதைக்கு. யாருக்காவது அடியா? இல்லையே? காலணி போட்டுக்குங்க. தரை முழுக்கக் கண்ணாடி. அம்மா, கேஸை மூடு. விளக்குக் கொளுத்திடாதே."

அம்மா கேஸ் சிலிண்டரின் திருகை மூடிவிட்டு வந்தாள். இருட்டிய அறைக்குள் மாமா தட்டுத் தடவித் தன் நாற்காலியைத் தேடிப் பிடித்தார். நிமிர்த்தி வைத்தார். உட்கார்ந்தார்.

"மாமா, என்ன பண்றீங்க?"

"எண்ணைச் சொல்லட்டும். ரேடியோவைக் கொடு."

"எண்ணா? நிக்க முடியாம ஆடிச்சு! கடல் வந்தாலும் வரும். குன்றுக்குப் போகணும், உடனே!"

"கடல் வந்தா சங்கு ஊதுவாங்க. ஊதினாங்களா?"

"கரண்ட் இல்லை, எப்படி ஊதும்? நிக்க முடியாம ஆடிச்சுல்ல, அதுதான் சங்கு!"

"சின்னப் பொண்ணு, ரொம்பப் பேசறே. நான் எத்தனை பாத்திருப்பேன்! எண் வர்ற வரைக்கும் இந்த எவரிஸ்தோ அசைய மாட்டான்."

லாலோ மாமாவைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். பிறகு, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மாமாவின் பக்கத்தில் போய் நின்றான். "மாமா வராம நானும் வர மாட்டேன்," என்றான்.

ரயேனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது அழுகை இல்லை, கொதித்து வழிந்தது. கெஞ்சலாமா என்று நினைத்தாள். கெஞ்ச நேரம் இல்லை. தூக்கிக்கொண்டு போகலாமா? மாமா ஒரு மாடு கனம்.

பையைத் திறந்தாள். ரேடியோவை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"எண்தானே வேணும்? குன்று உச்சியில நல்லாக் கேட்கும். அங்க வந்து கேட்டுக்குங்க!"

வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி ஓடினாள்.

மாமாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் அவர் போட்ட கூச்சலில் மறுபடி பூமி ஆடுகிறதோ என்று நாய் நினைத்துவிட்டது.

"அடியே! என் ரேடியோ! குடு அதை! உன்னை… உன்னை…!"

நாற்காலி பின்னால் விழுந்தது. எவரிஸ்தோ மாமா எழுந்து ஓடினார். இடது காலில் தன் காலணி, வலது காலில் அம்மாவுடையது. "ஐ! மாமா ஓடறாரு!" என்று லாலோ கையைத் தட்டினான். அம்மா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினாள்.

தெருவில் என்ன கண்டார்கள் தெரியுமா? ஊர் முழுக்க அவரவர் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தது. உடைந்த ஓடுகளுக்கு நடுவே, கையைக் கட்டிக்கொண்டு, எண்ணுக்காகக் காத்துக்கொண்டு! ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் உள்ளே உதறல்தான். ஆனால் யார் முதலில் எழுவது? இந்த மாதிரி முட்டாள்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மூக்குமேல் கோபம் வருகிறது.

ரொட்டிக் கடை சோய்லா அம்மாள் மடியில் கோழியோடு உட்கார்ந்திருந்தாள். ரயேன் ஓடுவதைப் பார்த்தாள். "நண்டு ஓடுது பாரு," என்று உதட்டைப் பிதுக்கினாள்.

அடுத்து எவரிஸ்தோ ஓடினார்.

சோய்லா அம்மாளின் வாய் திறந்தது. கோழியின் வாயும் திறந்தது.

"எவரிஸ்தோவே எழுந்து ஓடறான்! ஐயோ, இது ஆட்டம் இல்லை, பூகம்பம்! எல்லாரும் எழுந்திருங்க!"

அவ்வளவுதான். தெரு முழுக்க நாற்காலிகள் கவிழும் சத்தம். ஊரே எழுந்து, குழந்தைகளையும் கிழவர்களையும் தூக்கிக்கொண்டு, சுவர்களையும் தொங்கும் மின்கம்பிகளையும் விட்டு விலகித் தெரு நடுவில் ஓடியது. முன்னால் ரேடியோவோடு ரயேன். அவளுக்குப் பின்னால் திட்டிக்கொண்டே மாமா. மாமாவுக்குப் பின்னால் மொத்தக் கவியோத்தாவும்.

தெருமுனையில் அம்மா நின்றுவிட்டாள். ஒரு வழி குன்றுக்குப் போகிறது. மறு வழி படகுத்துறைக்கு.

"ரயேன்! உங்க அப்பா! துறைக்குப் போய்ப் பாத்துட்டு…"

ரயேன் திரும்பி ஓடிவந்தாள். "அம்மா, போகாதே! அப்பா ஆழத்துல இருக்காரு. ஆழத்துல அலை எழும்பாது, கரைக்கு வந்தாத்தான் எழும்பும். அப்பா நம்மளைவிடப் பத்திரமா இருக்காரு. நீ அங்க போனா அப்பா வந்து உன்னைத் தேடணுமா?" அவள் அம்மாவின் வழியை மறித்து நின்றாள். "இன்னைக்காவது என் பேச்சைக் கேளும்மா!"

அம்மா ஒரே ஒரு தடவை கடலைப் பார்த்தாள். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு குன்றின் பக்கம் திரும்பினாள். அதற்குள் மாமாவும் திரும்பி வந்து ரேடியோவை எட்டிப் பிடிக்கப் பார்க்க, ரயேன் மறுபடி ஓடினாள்.

கழுதைக் குன்றின் உச்சியில் எல்லாரும் புல்லில் விழுந்து மூச்சு வாங்கினார்கள். மாமா ரேடியோவைப் பிடுங்கிக்கொண்டார். திருகினார். கரகரப்பு மட்டும் வந்தது.

"பாத்தியா? இங்கேயும் ஒண்ணும் கேட்கலை! வீணா என்னை ஓட…"

"மாமா," என்றான் லாலோ, "கடல் எங்க போச்சு?"

எல்லாரும் திரும்பினார்கள். விரிகுடாவில் தண்ணீர் இல்லை. கடல் பின்வாங்கியிருந்தது. சேறும் பாறையும் வெறிச்சென்று கிடந்தன. ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தொலைத்த நங்கூரங்கள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. சோய்லா அம்மாளின் மாமனார் தொலைத்த பொய்ப்பல்லும் தெரிந்தது.

"அட, பல்லு! போய் எடுத்துட்டு வந்துடறேன்," என்று சோய்லா அம்மாள் எழுந்தாள்.

"உட்காருங்க!" என்று ரயேன் போட்ட அதட்டலில் சோய்லா அம்மாள் மட்டுமல்ல, அவளுடைய கோழியும் உட்கார்ந்தது.

பிறகு கடல் திரும்பி வந்தது. அவசரமில்லாமல், உயரமாக, பழுப்பு நிறமாக வந்தது. துறையைத் தாண்டியது. தெருவுக்குள் நுழைந்தது. ஒவ்வொரு வாசலாக ஏறியது. காலியாகக் கிடந்த நாற்காலிகளில் எல்லாம் உட்கார்ந்து பார்த்தது. எவரிஸ்தோ மாமாவின் வீட்டுக்குள்ளும் போயிற்று.

மாமா மெல்ல ரேடியோவைக் கீழே வைத்தார். லாலோவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

தண்ணீர் வடிந்ததும் சிலர் எழுந்தார்கள். "போயிடுச்சு. வாங்க, வீட்டைப் பாப்போம்."

"முதல் அலைதான் போயிருக்கு!" என்றாள் ரயேன். "அடுத்தது இதைவிடப் பெரிசா வரலாம். இறங்கலாம்னு அதிகாரிங்க சொல்ற வரைக்கும் யாரும் இறங்கக்கூடாது."

இப்போது யாரும் அவளை நண்டு என்று சொல்லவில்லை. உட்கார்ந்தார்கள். இரண்டாவது அலை வந்தபோது அது முதல் அலையைவிட உயரமாகத்தான் இருந்தது. நடுநடுவே பூமி குலுங்கும். ஒவ்வொரு முறையும் லாலோ "நண்டு!" என்று கத்துவான். ஊர் முழுக்க, குழந்தைகள் முதல் பாதிரியார் வரை, குனிந்து தலையை மூடிக்கொள்ளும். கோழியும் இறக்கையால் மூடிக்கொண்டது.

விடிந்தபோது ரேடியோவுக்குத் தொண்டை திறந்தது. "எட்டு புள்ளி ஒன்று" என்றது.

எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா தன் மீசையைப் பார்க்க முயன்று கண்ணை மாறுகண் ஆக்கிக்கொண்டார்.

அதற்குள் சோய்லா அம்மாள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "எவரிஸ்தோ, நீ மட்டும் எழுந்து ஓடிக் காட்டலைன்னா நாங்க எல்லாரும் உட்கார்ந்தே செத்திருப்போம்! ஊரைக் காப்பாத்தினது நீதான்யா!"

"எவரிஸ்தோ வாழ்க!" என்று கூட்டம் கத்தியது.

ரயேனின் காது சிவந்தது. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் புல் கருகியது. வாயைத் திறந்தாள்.

அதற்கு முன்னால் மாமா கையை உயர்த்தினார். "நிறுத்துங்க. நான் யாரையும் காப்பாத்தலை. என் ரேடியோவைத் துரத்திக்கிட்டு வந்தேன். இல்லைன்னா நான் இன்னேரம் அந்த நாற்காலியில இருப்பேன். பக்கத்துல இந்தப் பயலும் நின்னிருப்பான்." அவர் லாலோவின் தலையைத் தடவினார். ரயேனைக் காட்டினார். "எழுப்பினது இவ. இவ கோபம்தான் எழுப்பிச்சு."

ரயேன் திறந்த வாயை மூடிக்கொண்டாள். கோபப்படுவதற்கு வேறு ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. அது அவளுக்குப் புதிதாக இருந்தது.

மத்தியானம், இறங்கலாம் என்று அதிகாரிகள் சொன்ன பிறகு, ‘பிடிவாதக்காரி’ துறைக்கு வந்து சேர்ந்தாள். அப்பா குதித்து ஓடிவந்து எல்லாரையும் கட்டிக்கொண்டார். "ஆழத்துல எங்களுக்கு ஒண்ணும் தெரியலை. படகு ஒரு தடவை விக்கல் எடுத்துச்சு, அவ்வளவுதான்," என்றார்.

வீட்டில் சேறு முழங்கால்வரை இருந்தது. மேசை தன் இடத்தில் நின்றது. மாமாவின் நாற்காலியைக் காணோம். அதைக் கடைசியில் கால்பந்து மைதானத்துக் கோல்கம்பத்தின் உச்சியில் கண்டுபிடித்தார்கள். கடல் அங்கே உட்கார்ந்துதான் ஆட்டம் பார்த்திருக்கிறது.

"சரி மாமா," என்று ரயேன் கையை இடுப்பில் வைத்தாள். "பந்தயம். தட்டெல்லாம் கழுவுங்க."

மாமா சாய்ந்து கிடந்த அலமாரியை நிமிர்த்திப் பார்த்தார். ஒரு தட்டுகூட இல்லை. எல்லாம் உடைந்திருந்தன, அல்லது கடலோடு போயிருந்தன.

"ஒண்ணுகூடவா இல்லை!" என்று ரயேன் காலால் தரையை உதைத்தாள். "இத்தனை நாளா நான் கழுவினேன். உங்க முறை வர்றப்ப தட்டே இல்லையா?"

லாலோ சேற்றில் கையை விட்டுத் துழாவினான். ஒரு நீலக் கோப்பையை எடுத்துக் கொடுத்தான். காதில்லாத கோப்பை.

மாமா அதை வாங்கிப் போய்க் கழுவினார். மறுபடி கழுவினார். துடைத்தார். ரயேனுக்கு அதில்தான் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து கவியோத்தாவில் விதி மாறிவிட்டது. விதியை மாற்றியவள் ரயேன். இப்போதெல்லாம் பூமி ஆடினால், கடைசியாக மேசைக்கு அடியில் போகிறவர்தான் தட்டுக் கழுவ வேண்டும். மாமாவுக்கு முட்டி வலி. லாலோ காற்று மாதிரி. தட்டுகளை யார் கழுவுகிறார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பந்தயப்படி மீசையையும் ஊர் நடுவில் வைத்து வழித்தார்கள். வழித்த முடியில் செய்த துடைப்பத்தால்தான் இன்றைக்கும் பள்ளிக்கூடத்தைப் பெருக்குகிறார்கள். நம்பாதவர்கள் நேரில் வந்து மாமாவின் முகத்தைப் பாருங்கள். மூக்குக்குக் கீழே ஒரு முடிகூட இருக்காது.

நான் சத்தியம் செய்தேனே, அந்த மீசை? எவரிஸ்தோ மாமாவுக்குப் பிறந்ததிலிருந்தே மீசை முளைத்ததில்லை.